மீனுக்கு அதைக் கொடுத்தது யார்?

எங்கள் பள்ளி கடலோரத்தில் இருக்கிறது. காலை வழிபாட்டுக் கூட்டம் நடக்கும்போதே கரையில் மீன் ஏலம் விடும் சத்தம் கேட்கும். ஏழாம் வகுப்பில் உணவுச் சத்துகளைப் பற்றிய பாடம் நடத்திய அன்று, ஊருக்கு ஏற்ற எடுத்துக்காட்டாக இருக்கட்டும் என்று இப்படிச் சொன்னேன்: "நம்ம ஊர் சாளை மீனில் ஒமேகா-3 என்ற கொழுப்பு இருக்கிறது. மீன் அதைத் தன் உடம்பில் தயாரிக்கிறது. மீன் சாப்பிட்டால் மூளை நன்றாக வளரும்." பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. முந்தின இரவு யார் வீட்டில் என்ன குழம்பு என்று வகுப்பே பேசத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி மட்டும் பேசவில்லை. மணி அடித்த பிறகு மேசை அருகே வந்து நின்றாள்.

"சார், எங்க வீட்ல யாரும் மீன் சாப்பிட மாட்டோம். அப்போ எனக்கு மூளை வளராதா சார்?"

"அப்படியெல்லாம் இல்லம்மா, போய் விளையாடு" என்று அனுப்பிவிட்டேன். 'ஏன் இல்லை சார்?' என்று அவள் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அடுத்த சில வாரங்கள் படித்தேன். அன்று நான் சொன்ன மூன்று வாக்கியங்களில் முதலாவது சரி. இரண்டாவது தவறு. மூன்றாவது, ஒரு வகுப்பறையில் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாதது. படித்ததையும், பிறகு வகுப்பில் செய்து பார்த்ததையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். "சாளை அந்தக் கொழுப்பைத் தானே தயாரிக்கவில்லையாம். அப்படியானால் எங்கிருந்து வந்திருக்கும்?" என்று வகுப்பில் கேட்டேன். அப்பாவோடு கடலுக்குப் போய்வரும் ஒரு பையன் உடனே சொன்னான்: "சாளை வயித்தக் கீறினா உள்ள பச்சையும் பழுப்புமா சேறு மாதிரி இருக்கும் சார். அது சேறு இல்ல, பாசின்னு எங்க தாத்தா சொல்லும்."

தாத்தா சொன்னது சரிதான். மறுநாள் இரண்டு சாளை மீன்கள் வந்தன. குடலில் இருந்ததைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டை நழுவத்தில் வைத்து, பள்ளியில் இருக்கும் கூட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம். கண்ணாடியில் செய்த குட்டிப் பெட்டிகள் போலவும், ஊசிகள் போலவும், ஒன்றோடொன்று ஒட்டிய நாடாக்கள் போலவும் டயாட்டம்கள் தெரிந்தன. ஒரே செல்லாலான பாசிகள் இவை. செல்லைச் சுற்றி சிலிக்காவால் ஆன ஓடு உண்டு. ஓடு எளிதில் செரிக்காது என்பதால்தான் குடலிலும் உருக்குலையாமல் கிடைக்கிறது. நெய்ச்சாளைக்கும் டயாட்டமுக்கும் உள்ள உறவு நம் நாட்டில் முன்பே ஆராயப்பட்டது. ஃப்ராஜிலேரியா ஓஷியானிகா என்ற டயாட்டம் மலபார் கடலில் பெருகும் காலத்தில் நெய்ச்சாளையும் மிகுதியாகக் கிடைக்கிறது, ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்கலாம் என்று ஆர்.வி. நாயரும் ஆர். சுப்ரமணியனும் 1955-இல் எழுதினார்கள்.

ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களைப் புதிதாக உருவாக்குபவை பெரும்பாலும் இந்த நுண்ணிய பாசிகளும் அவற்றை ஒத்த கடல் நுண்ணுயிரிகளும்தான். பாசியைச் சாளை நேரடியாகத் தின்கிறது. கண்ணுக்குத் தெரியாத விலங்கு மிதவை உயிரிகளும் தின்கின்றன. சாளையைச் சீலா தின்கிறது. ஒவ்வொரு படியிலும் இந்தக் கொழுப்பு கைமாறுகிறது. கடல் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு இதைத் தேவையான அளவு தாமே செய்துகொள்ளத் தெரியாது. மீன், சேமித்து வைக்கும் இடம். அவ்வளவே. உணவுச்சங்கிலிப் பாடத்தில் நாம் ஆற்றல் கைமாறுவதை மட்டுமே சொல்கிறோம். ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு கைமாறுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, ஒமேகா-3 என்றால் என்ன? கொழுப்பு அமிலம் என்பது நீண்ட கார்பன் சங்கிலி. சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லாவிட்டால் அது நிறைவுற்றது, இருந்தால் நிறைவுறாதது. சங்கிலியின் வால் முனையிலிருந்து எண்ணிக்கொண்டு வரும்போது மூன்றாவது கார்பனில் முதல் இரட்டைப் பிணைப்பு வந்தால் அது ஒமேகா-3 வகை. ஆளி விதையில் இருக்கும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்துக்கு 18 கார்பன், 3 இரட்டைப் பிணைப்பு. மீனில் கிடைக்கும் ஈ.பி.ஏ.வுக்கு 20 கார்பன், 5 இரட்டைப் பிணைப்பு. டி.எச்.ஏ.வுக்கு 22 கார்பன், 6 இரட்டைப் பிணைப்பு. நம் மூளையின் செல் சவ்வுகளிலும் கண்ணின் விழித்திரையிலும் டி.எச்.ஏ. நிறைய இருக்கிறது. தாய்ப்பாலிலும் இருக்கிறது.

எண்களைக் கரும்பலகையில் எழுதிப் பயனில்லை என்பது நமக்குத் தெரியும். அதனால் ஒரு சோதனை செய்தோம். எங்கள் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமே கிடையாது. ஏலக்கூடத்திலிருந்து ஒரு வாளி ஐஸ் வந்தது. மூன்று சோதனைக் குழாய்களில் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், மீன் எண்ணெய் ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம். மீன் எண்ணெய்க்கு மருந்துக் கடை மாத்திரைகளை ஊசியால் குத்திப் பிழிந்தோம். ஐந்தாறு மாத்திரைகள் போதும். குழாய்களை ஐஸில் நிறுத்தி மாணவர்களை நேரம் குறிக்கச் சொன்னேன். மார்கழியில் வீட்டில் உறைவது போலத் தேங்காய் எண்ணெய் முதலில் கட்டியானது. கடலை எண்ணெய் கலங்கித் தடித்தது. மீன் எண்ணெய் குழாயைச் சாய்த்தபோதெல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது.

துடைப்பத்து ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டினால் இறுக்கமாக அடங்கும். வளைந்து நெளிந்த கருவேலங் கிளைகளைக் கட்டிப் பாருங்கள், அடங்காது. நிறைவுற்ற கொழுப்புச் சங்கிலிகள் ஈர்க்கு போல நேரானவை. நெருங்கி அடுக்கிக்கொண்டு எளிதில் உறைகின்றன. ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பும் சங்கிலியை ஓர் இடத்தில் வளைக்கிறது. ஆறு வளைவுகள் இருந்தால் அடுக்க முடியாது, எளிதில் உறையாது. குளிர்ந்த கடலில் வாழும் உயிரியின் செல் சவ்வு உறைந்து விறைத்தால் அது செத்துப்போகும். நெகிழ்ச்சி குறையாமல் இருக்க இந்த வளைந்த கொழுப்புகள் உதவுகின்றன. ஆழ்கடலில் குளிரோடு நீரின் அழுத்தமும் சேர்ந்து சவ்வை நெருக்குகிறது. பாக்டீரியாக்கள் இத்தகைய பல இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்புகளைச் செய்வதில்லை என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். ஆழ்கடல் பாக்டீரியாக்களின் சவ்வில் அவை இருப்பதை 1986-இல் எட்வர்ட் டிலாங்கும் அரிஸ்டைட்ஸ் யயானோஸும் எடுத்துக்காட்டிய பிறகு அந்த எண்ணம் மாறியது. குளிர் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிடக் கூடாது. நம் வெதுவெதுப்பான கடலில் வாழும் டயாட்டம்களும் ஒளிச்சேர்க்கை நடக்கும் சவ்வுகளில் ஈ.பி.ஏ.வை வைத்திருக்கின்றன.

டி.எச்.ஏ.வைச் செய்வதில் பெயர் பெற்ற இன்னொரு கூட்டம் உண்டு. த்ராஸ்டோகைட்ரிட்கள் என்று பெயர். பெயரை மாணவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை, நானே சொல்லிப் பழக இரண்டு நாள் ஆயிற்று. இவை பாசியும் அல்ல, பூஞ்சையும் அல்ல. பச்சையம் கிடையாது. அலையாத்திக் காடுகளில் சேற்றில் விழுந்து மட்கும் இலைகளின் மேல் வாழ்கின்றன. பிச்சாவரமோ முத்துப்பேட்டையோ சுற்றுலா போகும்போது காலடியில் கிடக்கும் அழுகிய இலையை நாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இவற்றைப் பிடிக்க ஆய்வாளர்கள் கையாளும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. கடல்நீர் மாதிரியில் பைன் மரத்தின் மகரந்தத்தைத் தூவிவிட்டுச் சில நாட்கள் காத்திருப்பார்கள். தூண்டிலில் இரை மாட்டுவது போலத்தான். மகரந்தத் துகள்களில் இவை வந்து ஒட்டி வளரும். பிறகு துகளோடு எடுத்துத் தனியே வளர்க்கலாம். இவற்றில் ஸ்கைசோகைட்ரியம் என்ற வகையைச் சர்க்கரை கொடுத்துத் தொட்டியில் வளர்த்தால், அதன் உலர் எடையில் பாதிக்கு மேல் எண்ணெயாகவே இருக்கும் அளவுக்குக் கொழுக்கிறது.

இதைத் தொழிலாக மாற்றிய கதை விண்வெளியில் தொடங்குகிறது. நீண்ட விண்வெளிப் பயணங்களில் உயிர்வளிக்கும் உணவுக்கும் பாசிகளை வளர்க்க முடியுமா என்று அமெரிக்காவில் நாசாவின் உதவியோடு ஆய்வு நடந்தது. அதில் ஈடுபட்டிருந்தவர்கள் பிரிந்து வந்து 1985-இல் மேரிலாந்து மாநிலத்தில் மார்ட்டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கிரிப்தெகோடினியம் கோனி என்ற கடல் நுண்ணுயிரியை மூடிய எஃகுத் தொட்டிகளில் வளர்த்து டி.எச்.ஏ. எண்ணெய் எடுத்தார்கள். இதுவும் பச்சையம் இல்லாதது, வெயில் வேண்டாம், இருட்டுத் தொட்டியில் சர்க்கரையைத் தின்று வளரும். குழந்தைகளுக்கான பால்மாவில் இந்த எண்ணெயைச் சேர்க்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001-இல் தடை சொல்லாமல் வழிவிட்டது. இன்று பால்மா டப்பாக்களில் 'டி.எச்.ஏ. உள்ளது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல டப்பாக்களில் அது மீனிலிருந்து வந்தது அல்ல. 2019-இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ப்ளேர் என்ற ஊரில், மீன் பண்ணைகளின் தீவனத்துக்காகவே இத்தகைய எண்ணெய் தயாரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. நெப்ராஸ்காவைச் சுற்றிக் கடலே கிடையாது, சோளக்காடுதான். வளர்ப்பு மீனுக்கு ஒமேகா-3 கொடுப்பதற்காகக் கடலில் சிறு மீன்களைப் பிடித்து எண்ணெய் எடுப்பதைக் குறைக்கலாம் என்பது நோக்கம். சாளையும் நெத்திலியும் பிழைப்பாக இருக்கும் ஊரில் வேலை செய்கிறவன் என்பதால் இந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன்.

இனி நொதிகள். பாடநூலில் கொழுப்பு ஓர் அலகு, நொதி வேறு அலகு. உயிரிக்குள் அவை ஒரே வேலையின் இரு பக்கங்கள். டயாட்டமுக்கு ஒமேகா-3 செய்யத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை என்றால், அதன் பொருள் என்ன? டயாட்டமிடம் இருக்கும் சில நொதிகள் நம்மிடம் இல்லை என்பதுதான். கொழுப்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பைப் போடும் நொதிகள் உண்டு, சங்கிலியை இரண்டிரண்டு கார்பனாக நீட்டும் நொதிகள் உண்டு. ஒமேகா-3-க்கு உரிய அந்த இடத்தில் பிணைப்பைப் போடும் நொதி மனித உடலில் கிடையாது. யாராவது அந்த முதல் வேலையைச் செய்து கொடுத்தால், மீதி வேலையை நம் உடல் கொஞ்சம் செய்யும். மெதுவாக, குறைந்த அளவில். ஆஸ்திரேலியாவில் கடல் நுண்பாசிகளின் இந்த நொதி மரபணுக்களைக் கடுகு இனத்தைச் சேர்ந்த கனோலாச் செடிக்குள் புகுத்தி, விதை எண்ணெயிலேயே டி.எச்.ஏ. வரும்படி செய்திருக்கிறார்கள். அதைப் பயிரிட அங்கே 2018-இல் அனுமதி கிடைத்தது.

கடல் நுண்ணுயிரிகளின் வேறு நொதிகளும் நமக்கு வேலை செய்கின்றன. கொரோனா காலத்தில் 'பி.சி.ஆர்.' என்ற சொல் தெரியாதவர் இல்லை. ஒரு டி.என்.ஏ. துண்டைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கும் முறை அது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க வேண்டும். சாதாரண நொதி அந்தச் சூட்டில் வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல ஆகிவிடும். முதலில் இதற்குக் கைகொடுத்தது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதி. அது கடல் சார்ந்தது அல்ல. பிறகு இத்தாலியின் வல்கானோ தீவுக் கரையில், எரிமலைச் சூடு ஏறிய கடல் படிவுகளில், பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ் என்ற உயிரி கிடைத்தது. 1986-இல் விவரிக்கப்பட்ட இது நீர் கொதிக்கும் 100 டிகிரியில்தான் மிக நன்றாக வளர்கிறது. இதன் நொதிக்கு இன்னொரு திறமை உண்டு. பிரதி எடுக்கும்போது தவறான எழுத்தைப் போட்டுவிட்டால், ஒரு படி பின்னால் போய் அதை நீக்கிவிட்டுத் திருத்திப் போடும். யெல்லோஸ்டோன் நொதிக்கு அது தெரியாது. பிழை இல்லாத பிரதி தேவைப்படும் ஆய்வகங்களில் இந்தக் கடல் நொதியையோ அதன் வழி வந்தவற்றையோ நாடுகிறார்கள். விடைத்தாள் திருத்தும் நமக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

ஜப்பான் செய்தி ஒன்றைப் பிள்ளைகள் மிகவும் ரசித்தார்கள். அங்கே சோற்றைச் சுற்ற நோரி என்ற காய்ந்த சிவப்புக் கடற்பாசியைப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பாசியின் மாவுச்சத்தை உடைக்கும் நொதி மனிதனிடம் இல்லை. பாசியின் மேல் வாழும் கடல் பாக்டீரியாக்களிடம் உண்டு. அந்த நொதிக்கான மரபணு ஜப்பானியர் சிலரின் குடல் பாக்டீரியாக்களில் இருப்பதை 2010-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பாசியோடு உள்ளே போன கடல் பாக்டீரியாவிடமிருந்து குடல் பாக்டீரியா அதைப் பெற்றிருக்க வேண்டும். வகுப்பில் ஒருவன் கேட்டான்: "அப்போ நம்ம வயித்துல இட்லி பாக்டீரியா ஏதாவது விட்டுட்டுப் போயிருக்குமா சார்?" நல்ல கேள்வி, தேடிப் பார்ப்போம் என்றேன்.

மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். மீன் சாப்பிட்டால் மூளை வளரும் என்று சொன்னேனே, அது. மூளைக்கு டி.எச்.ஏ. தேவை என்பது உண்மை. ஆனால் நன்றாக இருக்கும் பள்ளிக் குழந்தைக்கு அதைக் கூடுதலாகக் கொடுத்தால் படிப்பு வருமா என்பது வேறு கேள்வி. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்கு நாள்தோறும் 600 மில்லிகிராம் டி.எச்.ஏ.வை 16 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் பாசியிலிருந்து எடுத்ததுதான். 2012-இல் வந்த முடிவில், ஒட்டுமொத்தக் குழந்தைகளிடம் வாசிப்பில் முன்னேற்றம் இல்லை. மிகவும் பின்தங்கியிருந்தவர்களிடம் மட்டும் ஓரளவு தெரிந்தது. அப்படிப் பின்தங்கியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து மறுபடியும் செய்து பார்த்தார்கள். 2018-இல் வந்த முடிவில் அந்தப் பயனும் தெரியவில்லை. ஒரே குழுவினர் தங்கள் முடிவைத் தாங்களே மறுபடி சோதித்து, வரவில்லை என்று வெளியிட்டதை நான் வகுப்பில் தனியாக எடுத்துச் சொன்னேன். வாசிப்பில் பின்தங்கிய குழந்தைக்கு மாத்திரை வாங்கித் தரலாமா என்று பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு. அந்தக் காசுக்குக் கதைப் புத்தகம் வாங்கச் சொல்லலாம் என்பது என் கருத்து. உடல்நலக் காரணம் இருந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டியது.

அந்த மாணவியிடம் வகுப்பு முழுவதும் கேட்கும்படியே பதில் சொன்னேன். அன்று நான் சொன்னது தவறு என்று முதலில் சொன்னேன். மீன் சாப்பிடாத வீட்டுக் குழந்தைகளுக்கும் மூளை நன்றாகவே வளர்கிறது. ஆளி விதை, கடுகு எண்ணெய், பருப்புக்கீரை போன்றவற்றில் ஒமேகா-3-இன் சிறிய வடிவம் இருக்கிறது, அதிலிருந்து உடல் கொஞ்சம் டி.எச்.ஏ.வைச் செய்துகொள்ளும், தேவைப்பட்டால் மீனே இல்லாமல் பாசியிலிருந்து நேரடியாக எடுத்ததும் கிடைக்கிறது என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மீனும் நம்மள மாதிரி வாங்கித்தான் சாப்பிடுதா சார்?" என்றாள்.

சாளையின் குடலைப் பார்த்த அன்று அவள் நுண்ணோக்கி அருகே வரவில்லை. மீனை அறுக்காமல் டயாட்டமைப் பார்க்க வழி இருக்கிறதா என்று பிறகு கேட்டாள். இருக்கிறது, செலவும் இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, ஸ்டார்ச் சோதனைக்கு வைத்திருக்கும் அயோடின் கரைசலை வெளிர் தேநீர் நிறம் வரும் வரை சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அசைக்காமல் ஒரு நாள் வைத்தால் செல்கள் அடியில் படியும். மேல் நீரைக் குழாயால் மெல்ல உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் மிஞ்சும் கலங்கல் நீரில் ஒரு சொட்டை நழுவத்தில் வைத்துப் பார்க்கலாம். கடல் இல்லாத ஊரில் ஏரி, குளத்து நீரிலும் டயாட்டம்கள் உண்டு. மாணவர்கள் கையுறை அணியட்டும், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். அவள் தன் முதல் நழுவத்தில் 11 வகை வடிவங்களை எண்ணி வரைந்தாள். அவற்றில் மூன்றுக்கு எனக்கு இன்னும் பெயர் தெரியவில்லை.